உடம்பில் ஒட்டட்டும்

ஸ்கார்வோய் தீவு
ஜனவரி 17

அன்பு மகள் தூவாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் லக்ரிஸும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்கலாமா கூடாதா என்றுதான் தெரியவில்லை. உன்னை அந்தச் சிகிச்சை இல்லத்தில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மாள் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். எட்டு வாரத்துக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும். கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுதக் கூடாது, எடையைப் பற்றி எழுதக் கூடாது, ஆள் தேறிவிட்டாயா இளைத்துவிட்டாயா என்று கேட்கக் கூடாது. பிறகு ஒரு அப்பன் வேறு எதைத்தான் எழுதுவான்? "வானிலை பத்தி எழுதுங்களேன்" என்றார். எழுதிவிட்டேன்: காற்று. போதுமா?

வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், "நாயோட சாப்பாடு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "நாயோடதுன்னா எழுதலாம்" என்றார். ஆகவே இனி என் கடிதமெல்லாம் நாய் புராணமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

இதைப் படகின் எஞ்சின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இருபத்தைந்து நிமிடம். ஒரு நடைக்கு நாலு வரி எழுதி, அடுத்த நடையில் நாலையும் அடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தால் இந்த நாலு வரியும் வராது. உட்காரவே முடியவில்லை. அடுக்களைக்கும் உன் அறைக்கும் நடக்கிறேன், லக்ரிஸும் பின்னாலேயே நடக்கிறான்.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். நாங்கள் பிரிந்து ஒன்பது வருஷம் ஆனாலும் உன் விஷயத்தில் ஒழுங்காகவே பேசிக்கொள்கிறோம், கவலைப்படாதே. உன் இல்லம் இருக்கிற துரோண்ட்ஹெய்ம் நகரத்திலேயே அவளும் இருப்பதால் வாரம் ஒருமுறை உன்னைப் பார்த்துவிடுகிறாள். நான் வர வேண்டுமானால் படகு, பஸ், ரயில் என்று ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நாயைப் பத்தித்தான் கேட்டா. அவனோட போட்டோ வேணுமாம்" என்றாள் பெந்தே. சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது போல.

போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். பார், எப்படிப் பளபளக்கிறான். பதினொரு வயதில் நீ அவனுக்கு லக்ரிஸ் என்று பெயர் வைத்ததே அந்தக் கறுப்பு மிட்டாய் மாதிரி மின்னுகிறான் என்றுதானே? அதே மின்னல்தான் இன்றும். வழக்கம்போல் காலையில் இரண்டு கோப்பை, மாலையில் இரண்டு கோப்பை உலர் தீனி. ஒரு குறையும் இல்லை.

நீ சொல்லிவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை. "லக்ரிஸ் நல்லா இருக்கிற வரைக்கும் இங்க இருப்பேன். அவனுக்கு ஏதாவதுன்னா அடுத்த ரயில்ல கிளம்பிடுவேன்" என்றாய். உனக்குப் பத்தொன்பது வயது. நீயே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தாய், நீயே எழுந்து வந்தாலும் யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் நம் மூன்று பேருக்கும் முன்னால் சொன்னது உன் காதிலும் விழுந்ததல்லவா? பாதியில் விட்டால் இன்னொரு தடவை உன் இதயம் தாங்காது என்றார். அதனால் சொல்கிறேன், லக்ரிஸ் நன்றாக இருக்கிறான். நீ அங்கேயே இரு.

கரை வந்துவிட்டது. மேலே மணி அடிக்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா ஹால்வார்


ஸ்கார்வோய்
பிப்ரவரி 5

என் மகள் தூவாவுக்கு,

உன் அட்டை வந்தது. "ஜனவரி மாதத்தில் நம் வீட்டுப் பின்னால் புல் பச்சையாக இருக்கிறதா அப்பா? அவன் கழுத்தில் இருப்பது நான் அக்டோபரில் தூக்கிப் போட்ட பட்டை. வெள்ளிக்கிழமைக்குள் உண்மை வராவிட்டால் நான் வருகிறேன்." மூன்றே வரி. எஞ்சின் அறையில் நின்றபடி படித்தேன், காது வரை சூடேறிவிட்டது. முப்பது வருஷம் எஞ்சினோடு குப்பை கொட்டியவன், ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகப் பூட்டத் தெரியவில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

அந்தப் போட்டோ போன ஜூலையில் எடுத்தது. இப்போது எடுத்தால் அனுப்பும்படி இல்லை. உண்மை இதுதான்: லக்ரிஸுக்குத் தோல் வறண்டுவிட்டது. டிசம்பரில் ஆரம்பித்தது. முதலில் முதுகில் வெள்ளையாகப் பொடி. சோபாவில் சாம்பல் கொட்டியிருக்கிறது என்று நினைத்து அடுப்பைத் திட்டினேன். பிறகு சொறிய ஆரம்பித்தான். முடியில் மினுமினுப்பு போய், பழைய கம்பளி மாதிரி ஆகிவிட்டது. கை வைத்தால் செதில் செதிலாக வருகிறது. உயிருக்கு ஆபத்து இல்லை, கேட்டுக்கொண்டாயா? இல்லவே இல்லை. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் பெட்டியை எடு.

உனக்குத் தெரியக் கூடாதே என்று நானே சரிசெய்யப் பார்த்தேன். அதில்தான் எல்லாம் கெட்டது. முதலில் தரை கழுவும் பச்சை சோப்பைப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அந்த சோப்பில் தரை எப்படி மின்னுகிறது! நாய் மின்னவில்லை. மறுநாள் இரண்டு மடங்கு சொறிந்தான்.

பிறகு பக்கத்து வீட்டுத் தோர்கில் வந்தான். அவனைத்தான் உனக்குத் தெரியுமே, மீன் பிடிப்பதைவிட யோசனை சொல்வது அதிகம். நாயைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான். "ஏன்டா ஹால்வார், இது என்ன மாசம்? பேர்ல 'ர' இருக்கா இல்லையா?" என்றான். ஜனவரி, இருக்கிறது. "அப்புறம் என்ன யோசனை? 'ர' இருக்கிற மாசமெல்லாம் ஈரல் எண்ணெய் மாசம். நீ குடிக்கிற, நான் குடிக்கிறேன், அவன் மட்டும் என்ன பாவம் பண்ணான்?" நியாயமாகத்தான் பட்டது. பாலுக்கும் முன்னால் காட் மீன் ஈரல் எண்ணெயைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். காலையில் ஒரு பெரிய கரண்டி, மாலையில் ஒரு பெரிய கரண்டி ஊற்றினேன். போதாததற்குத் தோர்கில் தன் வலையில் வந்த மீனின் ஈரலை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். அதையும் வேகவைத்துப் போட்டேன். லக்ரிஸ் ஆசை ஆசையாகத் தின்றான். நல்லது செய்கிறோம் என்று எனக்கும் பூரிப்பு.

பத்தாம் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவனைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். புதிதாக வந்திருக்கிற ஐருன் என்ற பெண். உன்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள், வாய் மட்டும் ஐம்பது வயது. நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஹால்வார், நீங்க எத்தனை கிலோ?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"இவன் முப்பத்தொண்ணு. நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ குடிக்கிறீங்க?"

"ஒரு கரண்டி."

"உங்கள்ல மூணுல ஒரு பங்கு இருக்கிறவனுக்கு ரெண்டு கரண்டி ஊத்தி, மேல ஈரலையும் போட்டிருக்கீங்க. ஈரல்ல இருக்கிற வைட்டமின் உடம்பை விட்டுப் போகாது, உள்ளேயே சேரும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போயிருந்தா எலும்பே வீணாப் போயிருக்கும். நாய்க்குக் காலண்டர் பாத்தா மருந்து குடுப்பாங்க?"

(எடை எழுதக் கூடாது என்பது எனக்கும் நாய்க்கும் பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.)

இரண்டு நாளில் எழுந்துவிட்டான். இப்போது வாலை ஆட்டுகிறான், தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறான். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருக்கிறது. உண்ணி இல்லை, பூச்சி இல்லை. தோலில் எண்ணெய்ப்பசை இல்லை, அவ்வளவுதான் என்றாள். சாப்பாட்டில் நல்ல கொழுப்பு போதவில்லையாம். கொதிகலன் பக்கத்தில் கோடையிலிருந்து திறந்து கிடந்த தீனி மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி முகர்ந்து பார்த்து, "இதை நீங்க சாப்பிடுவீங்களா?" என்றாள். தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது மீன் சேர்த்த புதுத் தீனி, சின்ன மூட்டை, மூடி வைத்த டப்பா. அதன்மேல் மீன் எண்ணெய். ஈரலிலிருந்து எடுத்தது இல்லை, சதையிலிருந்து பிழிந்தது. முதல் வாரம் அரை டீஸ்பூன், வயிறு ஏற்றுக்கொண்டால் ஒன்று. கூடவே வைட்டமின் ஈ ஒரு மாத்திரை. வாரம் இரண்டு நாள் அவித்த முட்டை. குளிப்பாட்டுவது அறவே கூடாது. அடுப்பின்மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர், வீட்டுக் காற்று காயாமல் இருக்க.

"எத்தனை நாள்ல சரியாகும்?" என்று கேட்டேன். ஆறு வாரம், எட்டு வாரம் என்றாள். ஒரு பம்பைக் கழற்றி மாட்ட எனக்கு ஒரு மத்தியானம் போதும், இதற்கு எட்டு வாரமா என்று சத்தம் போட்டேன். "தோல் உள்ளேருந்துதான் வரணும். மேல தடவி ஒண்ணும் ஆகாது. அவசரப்பட்டு அதிகமாக் குடுத்தா என்னாகும்னுதான் பாத்துட்டீங்களே" என்றாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முன்னால் என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். இதே தீனி, இதே அளவு, வருஷக் கணக்காக என்றேன். "வெறும் இந்தத் தீனியில அந்த மாதிரி மினுமினுப்பு வராது. போன வருஷம் ஊசி போட வந்தப்ப எங்க பழைய டாக்டரே சீட்டுல எழுதி வெச்சிருக்கார், 'அருமையான தோல்'னு. நவம்பர்ல ஏதோ நின்னுபோயிருக்கு. யோசிங்க" என்றாள். நவம்பரில் நின்றது நீ மட்டும்தான். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது நவம்பர் ஆறாம் தேதி. நீ அவனுக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தாயா? பிஸ்கட், மாத்திரை, ஏதாவது? எழுது. திட்ட மாட்டேன்.

இதுதான் முழு உண்மை, ஒரு திருகுகூட மறைக்கவில்லை. கிளம்பி வராதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தூவா, வராதே. அவனை நான் சரிசெய்கிறேன்.

உன் அப்பா


ஸ்கார்வோய்
பிப்ரவரி 22

தூவா,

நீ வரவில்லை. அதற்கு நன்றி. ஒவ்வொரு நடையிலும் மறுகரையில் நிற்கிற ஆட்களில் உன் சிவப்புக் கோட்டு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தெரியாதபோதெல்லாம் நிம்மதி, கூடவே ஏமாற்றம். அப்பன் மனசு அப்படித்தான் போல.

ஆனால் என் கேள்விக்கு நீ பதில் போடவில்லை. பதினேழு நாளாகிறது. இனி பதில் வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதம் உங்கள் இல்லத்து விதியை மீறுகிறது. எழுதி முடித்ததும் அந்த அம்மாளுக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டப் போகிறேன். வேண்டாம் என்றால் அடுப்பில் போட்டுவிடுவேன். உன் கையில் இது இருக்கிறது என்றால் அவர் சரி என்றிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை நடந்தது. நீ போனதிலிருந்து நான் சமைப்பதில்லை. ரொட்டி, பழுப்புச் சீஸ், காப்பி. எனக்கே அலுத்துப்போய் அன்று ஒரு துண்டு சால்மன் வாங்கி வந்தேன். நவம்பருக்குப் பிறகு வீட்டில் முதல் மீன். அடுப்பில் வைத்ததுமே லக்ரிஸ் வந்து உன் நாற்காலியின் இடப்பக்கம் உட்கார்ந்தான். தாடையை இருக்கைமேல் வைத்துக்கொண்டு அசையவில்லை. பாவம், உன்னைத் தேடுகிறான் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்குச் சாப்பிட உட்காரப் போனேன். என் இடத்துக்கு மேலே இருக்கிற பல்பு போய்விட்டது. வேறு பல்பு தேட அலுப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்ததால் தட்டை எடுத்துக்கொண்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் நாய் எழுந்து மேசைக்கு அடியில் போனான். என் இடது கை மடிமேல் இருந்தது. அந்தக் கைக்குள் மூக்கை வைத்தான்.

அவன் எப்படித் தின்பான் என்று உனக்குத் தெரியும். கிண்ணத்தில் வைத்தால் ஊருக்கே கேட்கும். அன்று ஒரு சத்தம் இல்லை. நான் ஒரு துண்டு மீனைக் கீழே நீட்டினேன். உதட்டால் எடுத்தான், பல் படவில்லை. விழுங்குகிற சத்தம்கூட இல்லை. மறுபடி மூக்கை வைத்துக் காத்திருந்தான். என் தட்டு காலியாகும் வரை அப்படியே. நாய் தானாக இப்படிச் செய்யாது, மகளே. யாரோ பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்கள்.

அந்த மீனில் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எழுந்து நடந்தேன். அடுக்களை, உன் அறை, அடுக்களை, உன் அறை.

இரண்டு வருஷம். "அப்பா, இன்னைக்கு சால்மன் பண்ணுங்கப்பா." வாரத்துக்கு மூன்று நாள் கேட்பாய். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! கடையில், படகில், தோர்கிலிடம், எல்லாரிடமும் பெருமையடித்தேன்: "மீன்னா என் பொண்ணு உயிரை விடுவா." அந்த வார்த்தையை இனி என் வாயால் சொல்லமாட்டேன்.

குளியலறை வடிகால் முடியால் அடைத்துக்கொண்டது ஞாபகமிருக்கிறதா? நான் கம்பி விட்டுக் குத்திக்கொண்டே நாயைத் திட்டினேன். அந்த நாயை நான் குளிப்பாட்டியதே ஜனவரியில்தான் முதல் தடவை. அப்போது யாருடைய முடி அது? நீ கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கையெல்லாம் வெடித்து வெள்ளையாக இருந்தபோது குளிர் என்றேன், கையுறை வாங்கித் தந்தேன். நாய் படுத்ததும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினவன் நான். உன் விஷயத்தில் கையுறையோடு நின்றுவிட்டேன். என்னை எந்தச் செருப்பால் அடித்தாலும் தகும்.

எல்லாவற்றையும்விட இன்னொன்று குத்துகிறது. நம் வீட்டில் யாரும் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்லாமல் மேசையை விட்டு எழுந்ததில்லை. நீ மூன்று வயதிலிருந்தே சொல்கிறாய். இந்த இரண்டு வருஷமும் தவறாமல் சொன்னாய், காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. நானும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "உடம்பில் ஒட்டட்டும்" என்று பதில் சொன்னேன். எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒட்டித்தான் இருக்கிறது. நாயின் உடம்பில் ஒட்டியிருக்கிறது. அந்த மினுமினுப்பைத் தடவிப் பார்த்துத்தான் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நான் கோபமாக இருக்கிறேன். உன்மேல் இல்லை. உன்மேல் இல்லவே இல்லை, இதை இரண்டு தடவை படி. என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் டீஸ்பூனை எடுத்து அவனுக்கு அளந்து ஊற்றுகிறேன். அது ஒன்றுதான் என் கைக்கு வந்த வேலை.

குளிர்காலம் முழுக்க மலைக்குப் பின்னால் கிடந்த சூரியன் போன வாரம் மேலே முழுதாகத் தலைகாட்டியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படகுத்துறையில் நின்று அதைப் பார்த்துக் கத்தினார்கள். வானிலை எழுதச் சொன்னார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

ஒரு வரியாவது போடு. வெறும் அட்டையானாலும் அனுப்பு, விலாசத்தில் உன் கையெழுத்து இருக்கும்.

அப்பா


ஸ்கார்வோய்
மார்ச் 18

என் அருமை மகளுக்கு,

பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பெந்தேவுக்கு நாளுக்கு மூன்று தடவை போன் செய்தேன். "அவ அங்கதான் இருக்கா ஹால்வார், அழறா, ஆனா இருக்கா. கொஞ்சம் பொறுங்க" என்றாள். பொறுக்கச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. படகின் தண்ணீர்ப் பம்பை வேண்டாத வேலையாகப் பிரித்துத் திரும்ப மாட்டினேன். கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடிட்டிருந்ததை ஏன்யா பிரிக்கிற?" என்றார். ஓடிக்கொண்டிருப்பதை நம்பி இருந்தது போதும் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்புறம் உன் அட்டை வந்தது. "சாஸை அவனுக்குக் கொடுக்கவில்லை, அப்பா. வெண்ணெயும் உப்பும் அவனுக்கு ஆகாது. நாப்கினால் துடைத்துவிட்டு மீனை மட்டும்தான் கொடுத்தேன். கோபமா?"

இதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. அந்தப் பிராணிக்கு எது ஆகும் எது ஆகாது என்று துடைத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறாய். அவனுக்கு மட்டும் இவ்வளவு பார்த்தாயே, கண்ணு. படித்துவிட்டு எஞ்சின் அறையில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, நல்ல இடம். கோபமில்லை. கோபமில்லை. கோபமில்லை.

உன் அட்டையை ஐருனிடம் காட்டினேன், தப்பாக நினைக்காதே. படித்துவிட்டு அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நான் எழுதிக் குடுத்ததும் இதேதான். உங்க பொண்ணுக்கு என்கிட்ட வேலை இருக்கு, வரச் சொல்லுங்க" என்றாள். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. அவள் முகம் கிண்டலாக இல்லை.

லக்ரிஸுக்கு இன்று ஆறாவது வாரம். கழுத்துப் பக்கம் புது முடி வருகிறது, கறுப்பாக, வழவழப்பாக. இடுப்புப் பக்கம் இன்னும் கம்பளிதான். செதில் பாதி குறைந்துவிட்டது. ஒரு நாள் அதிகம் சொறிகிறான், ஒரு நாள் சொறிவதே இல்லை. நான் தினம் காலையில் சீப்போடு நின்று பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். "தினம் பாக்காதீங்க ஹால்வார், வாரத்துக்கு ஒருதரம் பாருங்க. சில நாள் பின்னாடி போற மாதிரிதான் இருக்கும்" என்று ஐருன் திட்டினாள். அதைத் தாளில் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறேன். நாய்க்காக மட்டும் ஒட்டவில்லை.

போட்டோ இத்துடன் இருக்கிறது. பின்னால் பனி. கழுத்தில் நீ வாங்கிய புதுப் பட்டை. அப்படியும் உனக்குச் சந்தேகம் வரும் என்று பக்கத்தில் அன்றைய பேப்பரைப் பிடித்திருக்கிறேன். இடுப்புப் பக்கத்தையும் மறைக்காமல் எடுத்தேன்.

ஈஸ்டருக்கு உனக்கு மூன்று நாள் விடுப்பு என்று இல்லத்து அம்மாள் சொன்னார். நீயே கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. என்ன செய்ய வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று இன்னொரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று தடவை படித்தேன். உன்னோடு கலந்து பேசி நேரம், அளவு எல்லாம் அவர்களே குறித்திருக்கிறார்கள். அதன்படியே செய்வேன், ஒரு கரண்டி கூட்டவும் மாட்டேன். அதிகமாக ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒருவனிடம் கற்றுக்கொண்டுவிட்டேன்.

லக்ரிஸுக்கு இப்போது அவன் பங்கு மீன் தனியாக உண்டு. உப்பு இல்லாமல் வேகவைத்தது, நமக்கு அரை மணி முன்னால், அவன் கிண்ணத்தில், ஊருக்கே கேட்கும்படி. பிறகு தோர்கில் வந்து அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போவான். போக மாட்டேன் என்று அவன் கதவைப் பிறாண்டுவான், நீ மனசை இளக்கிக்கொள்ளாதே. அவனுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலை இனி உனக்கு வேண்டாம். மேசையில் நீயும் நானும் மட்டும்.

பல்பு மாற்றிவிட்டேன். பேப்பரை நிறுத்திவிட்டேன். கடைசியாக வாங்கியது அந்தப் போட்டோவுக்காகத்தான்.

உன் தட்டில் மிச்சம் இருக்கட்டும். பாதி இருக்கட்டும், முக்கால்வாசி இருக்கட்டும். காலித் தட்டைப் பார்த்து ஏமாந்தவன் நான், மிச்சம் இருக்கிற தட்டைப் பார்த்துப் பழக எனக்கும் நாள் வேண்டும். என் முகம் கோணினால் அது உன்மேல் இல்லை என்று தெரிந்துகொள். நீ எழுந்திருக்கும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னாலும் சரி, சொல்லாமல் போனாலும் சரி. சொன்னால், இந்தத் தடவை உன்னை நிமிர்ந்து பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிப் படகில் நான் வேலையில் இருக்கிறேன். நீ ஏறியதும் கீழே எஞ்சின் அறைக்கு வா. லக்ரிஸ் என்னோடு அங்கே இருப்பான். அவன் கழுத்தைத் தடவிப் பார், அங்கேதான் நன்றாக வந்திருக்கிறது.

உடம்பில் ஒட்டட்டும், தூவா. ஒரு வாயானாலும் உன் உடம்பில் ஒட்டட்டும்.

உன் வரவு பார்த்து நிற்கும்
அப்பா